சங்கரன்கோவிலில் குதித்த கருஞ்சீரகம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கருஞ்சீரகம் குதிக்கக் கூடாத நேரத்தில் குதிக்க ஆரம்பித்தது. அதனால்தான், சிங்கப்பூரில் பிறந்து நாற்பத்தெட்டு வயதுவரை இந்தியாவையே பார்த்திராத நான், கைப்பையில் ஆறு கண்ணாடிக் குழாய்களை வைத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்குப் போனேன்.

கருஞ்சீரகம் என்பது நாங்கள் வைத்த செல்லப் பெயர். உண்மையில் அது திரவம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் கிடக்கும் ஓர் இயந்திரம். அளவும் நிறமும் அசல் கருஞ்சீரகம் மாதிரியே இருக்கும். அதன் அடியில் ஊசிமுனையைவிடச் சிறிய ஒரு குழி. குழிக்குள் இருக்கும் திரவம், அறைச் சூட்டிலேயே எப்போதோ கொதித்திருக்க வேண்டியது. கொதிக்க ஒரு சாக்கு கிடைக்காததால் அப்படியே நிற்கிறது. அதன்மேல் துளி ஒளியைப் பாய்ச்சினால் சாக்கு கிடைத்துவிடும். ஒரு குமிழ் பிறக்கும். சுற்றிலும் உள்ள குளிர்ந்த திரவத்தில் பட்டதும் நசுங்கிச் சாகும். அந்தச் சாவின் அதிர்ச்சி கருஞ்சீரகத்தை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி எறியும். மின்கலம் இல்லை, கம்பி இல்லை. என்றாவது ஒருநாள் மனித ரத்தக் குழாய்க்குள் போய் அடைப்பை உடைக்கப்போகிறது என்று எங்கள் தலைமை விஞ்ஞானி சொல்வார்.

நான் விஞ்ஞானி இல்லை. ஆய்வுக்கூடத்தின் பொருள்களுக்குப் பொறுப்பாளர். புதிதாக நிரப்பிய குழாய்களில் ஒளி படாமலே கருஞ்சீரகங்கள் நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை தானாகக் குதித்தன. பழைய குழாய்கள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. பழையவற்றை நிரப்பியவர் சாகுல் அண்ணன். பதினொரு வருஷம் எங்களிடம் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவியவர். வேலை அனுமதி முடிந்து, போன வருஷம் ஊருக்குத் திரும்பிவிட்டார். எப்படி நிரப்பினார் என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. கடைசியில் அவர் மனைவியிடமிருந்து ஒரு குரல் செய்தி மட்டும் வந்தது: "அவ்வொளுக்கு மேலுக்கு சொகமில்ல. பேச முடியல."

"நீ தமிழ்தானே, போய்க் கேட்டு வா" என்றார் தலைமை விஞ்ஞானி. தமிழ் என்றால் எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடு என்று நினைத்துவிட்டார்.

முதல் நாள், திருநெல்வேலியில் ஏறிய பஸ் பனவடலிசத்திரம் தாண்டியதும் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. "பெல்ட்டு அந்துபோச்சு, எல்லாரும் எறங்குங்க" என்றார் கண்டக்டர், தினமும் சொல்கிற வசனம் மாதிரி. ரயில் மூன்று நிமிஷம் தாமதமானால் எங்கள் ஊரில் செய்தி வாசிப்பார்கள். இங்கே இறங்கியவர்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, உடனே ஒரு கல்யாணச் சண்டையைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத்தான் தவிப்பு. குழாய்களின் மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருக்கும், கருஞ்சீரகம் தூங்கும். ஆனால் அந்த வெயிலில் எதை நம்புவது?

பூ மார்க்கெட்டுக்குப் போகிற வேன் ஒன்று நின்றது. "எக்கா, சங்கரங்கோயிலா? ஏறுங்க. பூ வாடுததுக்குள்ள கொண்டு விட்டுருதேன்" என்றார் டிரைவர். ஈரச் சாக்கு மூட்டைகளில் பிச்சிப்பூ. மூட்டைகளுக்கு நடுவே பையைச் செருகிவிட்டு நானும் செருகிக்கொண்டேன். ஊர் வந்து சேர்ந்தபோது என் மேலெல்லாம் கல்யாண வாசனை.

லாட்ஜில் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்த மேனேஜர் நிமிர்ந்தார். "கோமதியா? எங்க அம்பாள் பேருல்லா! சிங்கப்பூர்லயும் கோமதி உண்டுமா?" வாடகையில் ஒன்றும் குறைக்கவில்லை. ஆனால் மின்விசிறி நன்றாகச் சுற்றும் அறையைக் கொடுத்தார். ராத்திரிச் சாப்பாடு புரோட்டா. எங்கள் ஊர்ப் புரோட்டாவைப் பிய்க்க இரண்டு கை வேண்டும். இங்கே சால்னா பட்டதுமே அது தானாக விட்டுக்கொடுத்தது. நாலு சாப்பிட்டேன். அந்தப் பயணத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இரண்டாம் நாள் காலை சாகுல் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்க விசைத்தறிகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் டக்கட டக்கட என்று ஒரே சத்தம். நடக்கும்போது பாதம் அதிர்ந்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி ஜுலைகா. நாற்பது வயதிருக்கும். இடுப்பில் கொத்துச் சாவி. வலது உள்ளங்கையில் துணிக்கட்டு, கட்டின் ஓரத்தில் காய்ந்த மண்.

"புத்து மண்ணு, லாத்தா" என்றாள். லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. "கையில புண்ணு ஆறவே மாட்டேங்கு. பக்கத்து வீட்டு ஆமினா கோயில்ல வாங்கிட்டு வந்து பூசி விட்டா. டாக்டரு குடுத்த களிம்பும் போடுதேன். ஒண்ணுக்கும் கேக்கல."

சாகுல் அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அடையாளம் தெரியவில்லை. நாற்பது கிலோ கண்ணாடியைச் சிரித்துக்கொண்டே தூக்கியவர், தலைமுடி உதிர்ந்து, வாய் வெளுத்து, போர்வைக்குள் ஒரு குழந்தை அளவுக்கு இருந்தார். ஆறு மாதமாக வாந்தி. குடல் புண் என்று மருந்து கொடுக்கிறார்களாம்.

அவர் நிரப்பிய பழைய குழாய்கள் மூன்றையும் புதியவை மூன்றையும் எடுத்துக் காட்டியதும் எழுந்து உட்கார்ந்தார். புதிய மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரஷ் போட்டுக் கழுவுறாங்களா மேடம்?"

"ஆமாண்ணே, புதுசா வந்த பையன் அப்படித்தான் செய்றான்."

"போடக் கூடாது. கண்ணாடியில கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாத கீறல்ல காத்து ஒளிஞ்சிக்கிடும், குமிழு அதுலருந்தே கெளம்பிரும். நான் விரலாலதான் கழுவுவேன்."

அவ்வளவுதான். நான் இத்தனை தூரம் வந்த வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அப்போதே கிளம்பியிருக்கலாம்.

ஒரு ஆசையில், அவர் நிரப்பிய பழைய குழாய் ஒன்றின் மூடியை ஒரு சுற்றுத் தளர்த்தி அவர் கையில் கொடுத்தேன். அவர் நிரப்பியது எவ்வளவு அமைதியாக நிற்கும் என்று அவரே பார்க்கட்டும் என்றுதான். குழாயின் அடியில் கருஞ்சீரகம் கிடந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது குதித்தது.

விழுந்து, சற்று நேரத்தில் மறுபடி குதித்தது.

"இது நான் நெறப்பினது" என்றார் அவர் மெதுவாக. "இது குதிக்காதே, மேடம்."

மற்ற ஐந்தையும் தளர்த்தி மேசையில் நிறுத்தினேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக எல்லாம் குதித்தன. வெயிலின் சூடாக இருக்கும் என்றேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. தெருவின் தறிகள் அத்தனையும் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதியில்தான் சத்தம் காதில் விழுந்தது. திருஷ்டி கழித்து நெட்டி முறிப்பார்களே, அதே சத்தம். மிகச் சின்ன விரல்களால் யாரோ முறிப்பதுபோல, ஆறு குழாய்களிலிருந்தும்.

ஜுலைகா தேத்தண்ணீரோடு உள்ளே வந்தாள். அவள் மேசையை நெருங்க நெருங்க நெட்டி முறிவது அதிகமாகி, எண்ணெயில் போட்ட கடுகுபோல எல்லாம் ஒன்றாகப் பொரிந்தன. தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சத்தம் தளர்ந்தது. சீனி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மறுபடி பொரிந்தது.

அவளும் கேட்டுவிட்டாள். ஓர் அடி பின்னால் வைத்தாள். ஓர் அடி முன்னால் வைத்தாள். பிறகு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"எனக்குத் தெரியும் லாத்தா" என்றாள். "எங்கிட்ட என்னமோ இருக்கு. நான் எடுத்த போட்டோல எல்லாம் வெள்ள வெள்ளயா புள்ளி விழுது. எம் மவ துபாய்லருந்து கேக்கா, ஏம்மா, நம்ம வீட்டுக்குள்ள பனியா பெய்யுதுன்னு. இவ்வொ என் பக்கத்துல படுத்துப் படுத்துத்தான் இப்படி ஆயிட்டாவ. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட போனேன். ஓதி தாவீசு கட்டி விட்டு, டாக்டரையும் விட்டுராதம்மான்னு சொன்னாவ."

போனை நீட்டினாள். ஜுலைகா சிரிக்கிறாள்; பின்னால் பச்சைச் சுவர்; சுவர்மேலும் கன்னத்திலும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு படத்திலும் புள்ளிகள் வேறு வேறு இடங்களில் இருந்தன.

"சும்மா இருட்டி, ஒண்ணுமில்ல" என்றார் சாகுல் அண்ணன். ஆனால் அவர் கண் குழாய்களைவிட்டு நகரவில்லை.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். குழாய்களை இறுக்கிப் பைக்குள் போட்டேன். லாட்ஜில் ஒரு போன் பேச வேண்டும் என்று பொய் சொன்னேன். தேத்தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. தெருமுனைவரை நடந்தேன், அதற்கப்புறம் ஓடினேன்.

அறைக் கதவைத் தாழிட்டு, ஒரு குழாயைத் தளர்த்தி ஜன்னல் வெயிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வீட்டைவிட அங்கே சூடு அதிகம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கருஞ்சீரகம் அசையவே இல்லை. சூடு இல்லை என்றால் வேறு என்ன? அம்பாள் பேர் கொண்ட எனக்கு அப்போது சாமி மந்திரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எப்போதோ ஒரு கூட்டத்தில் தலைமை விஞ்ஞானி போகிறபோக்கில் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது: இந்தத் திரவத்துக்கு ஒளிதான் வேண்டும் என்றில்லை, கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று ஊடே போனாலும் அதற்குச் சாக்கு கிடைத்துவிடும்.

போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் விழும் புள்ளியைச் சொன்னதும் அவர் இடைமறித்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பெண்ணால் குதிக்கிறதா, அவளிடம் இருக்கும் ஏதாவது பொருளாலா?"

"தெரியாது."

"போய்ப் பார். தூரத்தில் நின்றே பார். பொருள் எது என்று தெரிந்தால் யாரும் தொட வேண்டாம். எல்லோரையும் வீட்டைவிட்டு வெளியே கொண்டுவா. இங்கிருந்து யாரைக் கூப்பிட முடியுமோ நான் கூப்பிடுகிறேன்."

ஆட்டோ பிடித்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. "அஞ்சு நிமிசம்க்கா, இப்ப வந்துரும்" என்று டிரைவர் மூன்று தடவை சொன்னார். கேட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் கூவிக்கொண்டிருந்தார். கேட் திறக்காமலே போனால் நல்லது என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி, அவள் இந்நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. ஆட்டோவுக்குக் காசைக் கொடுத்துவிட்டு, எல்லோரையும்போலக் குனிந்து கேட்டைத் தாண்டினேன். சிங்கப்பூரில் இதற்கு அபராதம் கட்டியிருப்பேன்.

வாசலில் நின்றே ஜுலைகாவைக் கூப்பிட்டேன். பின்பக்கத்து முற்றத்தில் அவளைத் துவைகல்லுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, நான் பத்தடி தள்ளிக் குழாயைத் தளர்த்திப் பிடித்து, அவளைக் கிட்டே வரச் சொன்னேன். பொரிந்தது.

"மேல இருக்குற சாமானை ஒவ்வொண்ணா கழட்டி அந்தக் கல்லுல வச்சிட்டு, ஒவ்வொரு தடவையும் என்கிட்ட வாங்கம்மா."

முதலில் அவள் கழுத்தில் கட்டியிருந்த தாவீசுத் தாயத்தைத்தான் தொட்டாள். கழற்றிக் கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தாள். பொரிவது குறையவில்லை. அவள் கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அதில் ஒன்றும் இல்லை என்பதே அவளுக்கு அப்போது போதுமாக இருந்தது. அடுத்து வளையல். அடுத்து போன். ஒவ்வொரு தடவையும் பத்தடி நடந்து வந்தாள்; ஒவ்வொரு தடவையும் கருஞ்சீரகம் அவளைக் கண்டு துள்ளியது. சாகுல் அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்து வந்து, நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்தாள். கல்லின்மேல் வைத்தாள். வந்தாள்.

ஒன்றும் குதிக்கவில்லை.

இன்னும் கிட்டத்தில் வந்தாள். கட்டுப் போட்ட கையைக் குழாய்மேல் வைத்தாள். கருஞ்சீரகம் எப்போதாவது ஒரு தடவை, அலுப்போடு, அசைந்தது. பிறகு இரண்டு பேருமே திரும்பிக் கல்லைப் பார்த்தோம்.

கொத்தில் ஆறு சாவிகள் இருந்தன. அவற்றோடு, ஒரு ஜாண்கூட வராத முறுக்குக் கம்பி. அதன் நுனியில் ஒரு பளபளப்பான உலோக மணி. வெயிலில் அது அழகாகக்கூட இருந்தது.

"எந் தம்பி குடுத்தது" என்றாள் ஜுலைகா. "பழைய இரும்புக் கடை வச்சிருக்கான். மூட்டையில வந்துச்சாம். வெள்ளி கணக்கா இருக்குன்னு சாவிக்குப் போட்டுக்கிட்டேன். ராத்திரி அவ்வொ தலமாட்டு ஆணியிலதான் மாட்டுவேன்."

சாகுல் அண்ணன் விடுவிடென்று கல்லை நோக்கி நடந்தார். "கெணத்துல போட்டுருதேன் எழவ!" நான் கத்திய கத்தலில் பக்கத்துத் தறி நின்றுவிட்டது. "அதைத் தொடாதீங்கண்ணே! யாரும் தொடக் கூடாது! வெளிய வாங்க!"

எல்லோரும் வெளியே வந்தோம். கதவைப் பூட்டச் சாவி இல்லை. சாவி கல்லின்மேல் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் நின்றோம்.

மூன்றாம் நாள் அந்தத் தெருவில் தறிகள் ஓடவில்லை. போலீஸ் கயிறு கட்டிவிட்டது. தூர ஊரிலிருந்து கதிர் அளக்கும் கருவிகளோடு நாலு அதிகாரிகள் வந்தார்கள், அதில் ஒருவர் பெண். நீளமான இடுக்கியால் சாவிக்கொத்தை எடுத்து ஈயப் பானைக்குள் போட்டு மூடினார்கள். ஆலைகளில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த இடங்களைப் படம் பிடிக்கப் பயன்படும் கதிர் வீசும் பொருள், வீரியம் பெரும்பகுதி தீர்ந்த பழைய துண்டு, புதிதாக இருந்திருந்தால் இந்த வீட்டில் பேச ஆளே இருந்திருக்காது என்றார் அந்தப் பெண் அதிகாரி. எங்கிருந்து அந்த மூட்டைக்குள் வந்தது என்று நான் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. ஜுலைகாவின் தம்பி கடை வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"நீங்கள் எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். குழாயைக் காட்டினேன். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ரத்தம் எடுத்தார்கள். சாகுல் அண்ணனுக்கு ரத்தத்தில் அணுக்கள் குறைந்திருந்தன, ஆனால் தேறிவிடும் என்றார்கள், தேறிவிட்டார். ஜுலைகாவுக்குப் பிற்பாடு வலது கையில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டிவந்தது. இடுப்புப் புண்ணுக்குத் தோல் வைத்துத் தைத்தார்கள். அவளுக்கு இடுப்பிலும் புண் இருந்தது என்பதே எனக்கு ரத்தம் எடுத்த அன்றுதான் தெரியும். யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி மறுநாள் காலைதான் என்பதால் இருவரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். அதிகாரி மைக் வைத்துத் தெருவுக்குச் சொன்னார்: அந்தப் பொருளில்தான் ஆபத்து, இவர்கள் உடம்பில் ஒன்றும் இல்லை, இவர்களைத் தொட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

நான்காம் நாள் காலை வரவேண்டிய வண்டி வழியில் பழுதாகி மத்தியானம்வரை வரவில்லை. மண்டபத்தின் நூறு காலி நாற்காலிகளுக்கு நடுவே நாங்கள் மூன்று பேர். வாசல் கேட்டில் கூட்டம் நின்று பார்த்தது. யாரும் உள்ளே வரவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் அவளிடமிருந்து நானும் அப்படித்தான் ஓடினேன் என்பதால், அவர்களைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஆமினா வந்தாள். கையில் ஒரு பெரிய சகன், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற தட்டு. தேங்காய்ச் சோறு, அவர்கள் ஆணம் என்கிற கறிக் குழம்பு, ஓரத்தில் கத்திரிக்காய்ப் பச்சடி. கேட்டுக்கு உள்ளே நாலடி வந்து, தரையில் வைத்துவிட்டு வேகமாகத் திரும்பிப் போனாள். கேட்டுக்கு வெளியே போய் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, பயப்படுகிறாளா என்று தெரியவில்லை.

"எடுத்துக்கிட்டு அங்கன போய்ச் சாப்பிடுங்க லாத்தா" என்றாள் ஜுலைகா. "எங்க பக்கத்துல உக்காராதீங்க. ஒங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

நான் போய்ச் சகனைத் தூக்கி வந்தேன். கனம்தான். இருவருக்கும் நடுவே தரையில் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சாகுல் அண்ணன் தயங்கித் தயங்கி எதிரே உட்கார்ந்தார். ஜுலைகா உட்கார்ந்தாள், ஆனால் கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு சோற்றையே பார்த்தாள். இடது கையால் சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.

ஆணத்தைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டி அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். எனக்குக் கவளம் உருட்டத் தெரியாது. பாதி வழியிலேயே உதிர்ந்தது. அவள் குனிந்து மிச்சத்தை வாங்கிக்கொண்டாள். மென்றாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

"உப்பு போட மறந்துட்டா ஆமினா" என்றாள்.

சாகுல் அண்ணன் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, கேட்டைப் பார்த்துத் தன்னால் முடிந்த சத்தத்தில் கூப்பிட்டார்: "ஏ ஆமினா! உப்பில்ல தாயி!"

கேட்டில் நின்ற கூட்டம் ஆமினாவைத் திரும்பிப் பார்த்தது. ஆமினா அப்படியே நின்றாள். பிறகு யாரிடமோ ஏதோ சொன்னாள். ஒரு சிறுமி ஓடிப்போய், காகிதத்தில் மடித்த உப்போடு திரும்பி வந்தாள். ஆமினா அதை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். சோறு வைத்துப் போன இடத்தில் ஒரு நொடி நின்றாள். அதைத் தாண்டினாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சகனில் காலியாக இருந்த நான்காவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் கையாலேயே உப்பைத் தூவிப் பிசைந்தாள்.